கடைசி வரிசையில் ஒரு குடை

நாற்பத்தேழு என்று காட்டுகிறது. இன்னும் நாற்பத்தேழு நிமிடத்தில் இந்த மெஷினின் கதவு திறக்கும், ரூனேயின் கறுப்புச் சட்டையை வெளியே எடுத்து உலர்த்தும் அலுமாரிக்குள் தொங்கவிடுவேன், ஒரு மணிக்கு முன் மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பேன், அப்போது அந்தக் கடிதத்தையும் கொடுப்பேன். கடிதம் என்று சொல்வது சரியில்லை, அது ஓர் அறிக்கை. நான்கு அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டிருக்கிறேன், சுவீடிஷ் மொழியில் எழுத்துப்பிழை இல்லாமல் இருக்க வேண்டும் என்று அகராதி பார்த்து எழுதியது. எண்பத்துநான்கு வயது மனிதனிடம் இனி நீங்கள் மேளம் அடிக்கக்கூடாது என்று சொல்லும்போது பிழை விடக்கூடாது அல்லவா. இன்று மூன்று மணிக்கு மக்கள் மண்டபத்தில் கச்சேரி, சின்ன மண்டபம், இருநூறு கதிரை, வானொலிக்காரர்கள் வந்து பதிவு செய்யப்போகிறார்கள். ரூனே ஹெட்லுண்ட், அறுபத்தொன்பது வருட மேளம், என்று சுவரொட்டியில் போட்டிருக்கிறார்கள். நான் வடிவமைத்திருந்தால் எழுத்தை இன்னும் பெரிதாகப் போட்டிருப்பேன். நேற்று மத்தியானம் ஒத்திகை முடிந்து வரும்போது மின்தூக்கிக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "குலா, நாளைக்குச் சட்டையைக் கொண்டுவரும்போது சொல். தாளத்தில் நான் பிந்துகிறேனா? மற்றவர்களைக் கேட்டுப் பயனில்லை, அவர்களுக்கு என்மேல் அன்பு. நீ வாழ்நாள் முழுவதும் ஆட்களைத் திட்டி எழுதியவன். உன்னை நம்பலாம்." பிந்துகிறேன் என்றால் குச்சிகளைச் சோஃபியாவிடம் கொடுத்துவிட்டு முன்வரிசையில் இருந்து கேட்பேன் என்றார். சோஃபியா எட்டு வயதில் அவரிடம் பழக வந்தவள், இன்று நாடறிந்த மேளக்காரி. கேட்டால் அரை நிமிடத்தில் மேடையேறுவாள். கேட்காமல் ஏறமாட்டாள், அவ்வளவு மரியாதை.

மெஷின் ஒரு பக்கம் சுற்றி, நின்று, யோசித்து, மறுபக்கம் சுற்றுகிறது. ரூனே இங்கே வந்தால் இதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். முதலாம் இலக்க மெஷின் வால்ஸ், இரண்டாம் இலக்கம் அணிநடை, மூன்றாம் இலக்கம் குடிகாரன் என்பார். இந்த நிலவறையில்தான் எங்கள் சிநேகிதம் தொடங்கியது, அதுவும் ஒரு பிரசுரத்தால். இந்த நாட்டில் உடுப்புத் தோய்ப்பதற்கு முறை உண்டு. கட்டடம் முழுவதற்கும் ஒரு தோய்ப்பறை, சுவரில் ஒரு பலகை, அதில் நாளும் நேரமும், உன் வீட்டு இலக்கம் பொறித்த சின்னப் பூட்டை வேண்டிய துவாரத்தில் செருகிவிட்டால் அந்த மூன்று மணித்தியாலம் உனக்குச் சொந்தம். என் மனைவி பரிமளம் இறந்த வருடம், நான் பூட்டுப் போட்ட சனிக்கிழமை காலையில் வந்து பார்த்தால் மூன்று மெஷினிலும் வேறு யாரோ ஒருவரின் வெள்ளைச் சட்டைகள். நான் விடுவேனா? தோழர்களே, குடியிருப்பாளர்களே என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதிக் கதவில் ஒட்டினேன். பொது உடைமை என்றால் என்ன, அதைத் தனியொருவர் அபகரிப்பது எந்த வர்க்கத்தின் குணம், கடைசியில் ஏழு கோரிக்கைகள். இங்கேயும் கோபத்தில் துண்டு எழுதி ஒட்டுவார்கள், ஆனால் இரண்டு வரியோடு நிறுத்திவிடுவார்கள். மறுநாள் பார்த்தால் என் பிரசுரத்தின் அடியில் பென்சிலால் எழுதியிருந்தது: "குற்றம் என்னுடையது. கிழமையை மாறி நினைத்துவிட்டேன். நன்றாக எழுதுகிறாய், ஆனால் மிக வேகமாகப் போகிறாய், மூச்சுவிட இடம் வை. ஹெட்லுண்ட், மூன்றாம் மாடி. கோப்பி இருக்கிறது." ஐம்பது வருடம் எழுதியவனுக்கு முதன்முதலாக ஒழுங்கான விமர்சனம். கட்சியில்கூட எவனும் அப்படிச் சொன்னதில்லை. கட்சியில் விலக்குவார்கள், அல்லது தட்டிக்கொடுப்பார்கள், வாசிக்கமாட்டார்கள்.

மூச்சுவிட இடம். அதை வல்லிபுரமும் சொல்லியிருக்கிறான். வேண்டாம், இப்போது வல்லிபுரம் வேண்டாம். இந்தச் சவர்க்கார வாசனைதான் அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறது. ரூனேயை நினை. நொர்ஷோப்பிங் நகரத்துப் பிள்ளை அவர். தாய் நெசவாலையில் வேலை, முப்பது வயதுக்குள் தறிச்சத்தத்தில் காது போய்விட்டது. பிள்ளை கூப்பிட்டால் கேட்காது. அதனால் சமையலறை மேசையில் தட்டுவாராம், தாய் மறுமுனையில் உள்ளங்கையை வைத்திருப்பாள், அதிர்வு கைக்குப் போகும். பசி என்றால் ஒரு தட்டு, பள்ளிக்கூடம் முடிந்து வந்துவிட்டேன் என்றால் இன்னொரு தட்டு, ஒன்றுமில்லை, சும்மா கூப்பிட்டேன் என்பதற்கும் ஒரு தட்டு இருந்ததாம். அந்தத் தட்டைப் பிறகு எத்தனையோ இசைத்தட்டில் வாசித்திருக்கிறேன், ஒருவனுக்கும் தெரியாது என்று சிரித்தார். முதன்முதலில் அதைக் கேட்டபோது முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று நெசவாலை முதலாளிகளைப் பற்றிக் கால் மணித்தியாலம் பேசினேன். பதினைந்து வயதில் தொழிலாளர் இயக்கம் கட்டிய மக்கள் பூங்காவில் நடன மேளம். பாருங்கள், தொழிலாளர் சந்தா கொடுத்துப் பூங்கா கட்டி, அதில் மேடை கட்டி, சனிக்கிழமைகளில் ஆடியிருக்கிறார்கள். எங்களுடைய இயக்கம் கட்டியது ஒரு வாசிகசாலை, அதையும் இரண்டாகப் பிரித்தோம். பத்தொன்பது வயதில் அத்திலாந்திக் கப்பலில் வாத்தியக்காரனாக நியூயோர்க் போய் இறங்கி, ஒரு நிலவறை மண்டபத்தின் பிற்பகல் காட்சியில் கறுப்பின மேளக்காரர் ஒருவரை நாலடி தூரத்தில் இருந்து பார்த்திருக்கிறார். கப்பல் புறப்படும் நேரம் மறந்துபோய் ஓடினாராம். வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான் பிந்தினேன் என்பார். நானோ அதே காலத்தில் ஜாஸ் என்பது ஏகாதிபத்தியத்தின் கேளிக்கை என்று ஒரு பிரசுரத்தில் எழுதியிருக்கிறேன். ஒரு துளிகூடக் கேட்காமல். எந்த மொஸ்கோ வெளியீட்டில் படித்தேனோ, அதை அப்படியே. இதை ரூனேயிடம் சொன்னபோது கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, "நீ எழுதியது சரிதான், நாங்கள் நல்ல கேளிக்கைக்காரர்கள், ஆனால் ஏகாதிபத்தியம் எங்களுக்குச் சாப்பாடு போடவில்லை" என்றார்.

முப்பத்தொன்று. கை நடுங்குவது ஒத்திகையில் தெரியவில்லை. சும்மா இருக்கும்போதுதான் வலக்கை ஆடும், கோப்பிக் குவளையை, சட்டைப் பித்தானை, மெஷின் பொத்தானை ஒன்றையும் பிடிக்கவிடாது, அதனால்தான் இரண்டு வருடமாக அவர் உடுப்பையும் என்னுடையதோடு போட்டுத் தோய்க்கிறேன். குச்சியைப் பிடித்துவிட்டால் நின்றுவிடும். "இந்தக் கை உன் தொழிலாளியைப் போல, வேலை இல்லாவிட்டால்தான் கலகம் செய்கிறது" என்பார். கை அல்ல. கால். இடது கால். இரண்டு சிம்பல்களை ஒன்றோடொன்று மூடுகிற மிதி அந்தக் காலில் இருக்கிறது, ச்சிக், ச்சிக் என்று இரண்டாவது நான்காவது அடிகளில் விழ வேண்டும். நேற்று அது மயிரிழை பிந்தி விழுந்தது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது, ஏனென்றால் எனக்குக் கால்களைத் தெரியும். இருபது வருடம் ஊர்வலத்தின் முன்னால் பின்பக்கமாக நடந்தவன் நான். கோஷம் எடுப்பவன் சனத்தைப் பார்த்துக்கொண்டு பின்னுக்கு நடக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது, முன்னால் ஆயிரம் கால்கள், எது சோர்கிறது எது நொண்டுகிறது எது வீட்டுக்குப் போக நினைக்கிறது என்று எல்லாம் தெரியும். இரண்டாவது பாட்டில் கண்டுபிடித்தேன். மூன்றாவதில் இன்னொன்றைக் கண்டுபிடித்தேன், அதுதான் என்னை உலுக்கிவிட்டது. பெரிய பேஸ் வாசிக்கிற பெண் அவருடைய காலுக்காகக் காத்திருந்தாள். ஒரு துளி, அவ்வளவுதான். விரலைத் தந்தியில் வைத்து, கால் விழும்வரை பிடித்து, பிறகு விட்டாள். அவளைக் கேட்டுப் பியானோக்காரனும் காத்திருந்தான். சாக்ஸபோன்காரனும். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை, பேசவில்லை, பேசியிருக்கவும் மாட்டார்கள். மூன்று பேரும் சேர்ந்து அந்தக் கிழவரை நேரத்துக்குள் வைத்திருந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டு அடித்தார், எல்லாம் ஒன்றாக இருக்கிறது என்ற நிம்மதியோடு. நான் கடைசி வரிசையில் இருந்தேன். வெளியே போய்விடலாம் போல இருந்தது.

ஆகவே எழுதினேன். அம்சம் ஒன்று, உங்கள் இடது கால் பிந்துகிறது. அம்சம் இரண்டு, மற்ற மூவரும் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். அம்சம் மூன்று, ஒலிப்பதிவு என்பது நிரந்தரமான ஆவணம் என்பதால் குச்சிகளைச் சோஃபியாவிடம் கொடுப்பதே கண்ணியம். நான்காவது வாழ்த்து. நேற்று மாலை மேசையில் எழுதி முடித்து, நாலாக மடித்து, நாளைக்குச் சட்டையோடு கொடுப்போம், படிக்கும்போது நான் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை என்று நினைத்தேன். பரிமளத்தின் சிரிப்புக் கேட்டது. இருந்திருந்தால் சொல்லியிருப்பாள், "உங்களுக்கு வாயால கதைக்கத் தெரியாதே? எல்லாத்துக்கும் ஒரு துண்டுப் பிரசுரம். என்னைப் பெண் கேட்டு வந்ததும் ஒரு கடுதாசியோடதானே, அதில மூண்டாம் பந்தியில சீதன எதிர்ப்பு." கேட்டேன்தான். சீதனம் வாங்கவில்லைதான். நான் எழுதியதில் எது பொய்? ஒன்றையாவது காட்டட்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்தாயிரம் பிரசுரம் என் கையால் போயிருக்கும். கோயில் கதவைத் திறக்கச் சொல்லி, தேநீர்க்கடையில் சாதி பார்த்து வைத்த தனிப் பேணியை உடைக்கச் சொல்லி, எல்லோருக்கும் ஒரே கிளாஸ் வைக்கச் சொல்லி. இன்று பொன்னாடை போர்த்துக்கொண்டு திரிகிறவர்கள் அன்று கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். துவக்கோடு வந்த பொடியள் என்னிடம், "ஐயா, எழுதுறதை நிப்பாட்டுங்கோ, இது கடைசித் தரம்" என்றபோதும் நிறுத்தவில்லை, அதனால்தான் எண்பத்தைந்தாம் ஆண்டில் இந்தப் பனிக்குள் வந்து விழுந்தேன், சுரங்க ரயில் நிலையங்களைக் கழுவினேன், அங்கேயும் துப்புரவுத் தொழிலாளருக்குக் கையுறை கேட்டு எழுதினேன். கிடைத்தது. ஆகவே எழுத்து வெல்லும். ஆகவே. ஏன் இந்த ஆகவே போட்டதும் அடுத்த வாக்கியம் வர மறுக்கிறது.

கதவு திறக்கிறது. ஹலீமா. எங்கள் கட்டடத்துக்காரி, அடுத்த முறை அவளுடையது, ஒரு மணிக்கு, இரண்டு கூடை உடுப்போடு ஐந்து பிள்ளைகளின் காலுறையோடு நிற்கிறாள். "அதேர், முடிந்ததா?" அவள் மொழியில் சித்தப்பா. "இன்னும் பதினெட்டு நிமிடம், பிள்ளை, ஒரு மணிவரைக்கும் என்னுடைய நேரம்." "தெரியும், தெரியும், பலகையைப் பார்த்தேன். ஒரு நிமிடம் முன்னால் வந்தாலும் கதவில் இரண்டு பக்கம் ஒட்டிவிடுவீர்களே." "அது பழைய கதை." "என் மூத்தவன் உங்கள் நோட்டீசைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சுவீடிஷ் பாடத்தில் வாசித்தவன். ஆசிரியை மிகவும் கோபமான அழகு என்று சொன்னாளாம்." கூடையை ஓரமாக வைக்கிறாள். "மேளக்காரர் எப்படி இருக்கிறார்? நாங்கள் எல்லோரும் வருகிறோம், பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரப்போகிறேன். அவர் அடிப்பார்தானே?" நான் மெஷினைப் பார்த்தேன். "அடிப்பார்தானே, அதேர்?" "அதை அவரிடம் கேள்." "ஐயோ, உங்களிடம் நேரே ஒரு பதில் வாங்கவும் முறை எடுத்துப் பூட்டுப் போட வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். கூடை இங்கே இருக்கிறது. நேரே ஒரு பதில். எல்லோரும் ஒரே ஆணியைத்தான் அடிக்கிறார்கள்.

சரி, வா, வல்லிபுரம். வந்து இந்தப் பெஞ்சில் இரு. சவர்க்காரத் தொழிற்சாலையில் நீயும் நானும் ஒரே கொப்பறையில் வேலை, காரத்தில் வெந்த விரல்கள் உனக்கும் எனக்கும் ஒரே மாதிரி. ஊர்வலத்தில் நான் முன்னால், நீ கடைசி வரிசையில். அது நாங்களே கண்டுபிடித்த முறை. நான் எடுத்த கோஷம் முன்வரிசைக்கு உடனே கேட்கும், நடுவுக்குக் கொஞ்சம் பிந்தும், கடைசிக்குப் போய்ச் சேரும்போது நான் அடுத்ததைத் தொடங்கிவிட்டால் கடைசியில் நடக்கும் சனம் வாய் மூடிவிடும், வாய் மூடினால் கால் சோரும், பத்து நிமிடத்தில் வால் அறுந்துவிடும். அதனால் நீ மடித்த குடையோடு கடைசி வரிசையில் வருவாய். குரல் அங்கே வந்து சேர்ந்ததும் குடையைத் தலைக்குமேல் தூக்குவாய். தூக்கினால்தான் நான் அடுத்ததை எடுப்பேன். "அவசரப்படாதை மச்சான், இஞ்சை ஒரு கிழவி செருப்பறுந்து நிக்கிறா" என்று பிறகு வந்து ஏசுவாய். அத்தனை தலைகளுக்கும் அப்பால் அந்தக் கறுப்புக் குடை எழும்பும்போது, என்ன சொல்வது, உலகம் முழுவதும் கேட்டுவிட்டது என்று தோன்றும். பிறகு அந்த இருபத்தாறு நாள் வேலைநிறுத்தம். பத்தொன்பதாவது நாள் நீ தொழிற்சாலையின் பின்கேற்றால் வேலைக்கு உள்ளே போனாய். உன் சின்னவளுக்கு நெருப்புக்காய்ச்சல் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். கருங்காலி வல்லிபுரம் என்று தலைப்பு, ஐந்நூறு பிரதி, ஒவ்வொரு மதகிலும் ஒட்டினேன். பொய்யா? பொய் இல்லை. உள்ளே போனாய்தானே. அன்று பின்னேரம் ஒன்றைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து படலையடியில் நின்றாய். உள்ளே வரவில்லை. "எழுத்து நல்லாயிருக்கு மச்சான். ஆனால் என்ரை வீடு ரெண்டு ஒழுங்கை தள்ளித்தானே. வந்து சொல்லியிருக்கலாம்." அவ்வளவுதான் சொன்னாய். அடுத்த மேதினத்தில் நான் பின்னுக்கு நடந்தேன், கோஷம் எடுத்தேன், காத்திருந்தேன், குடை எழும்பவில்லை. எப்போது அடுத்ததை எடுப்பது என்று தெரியவில்லை. வன்னியில் இடம்பெயர்ந்து திரிந்து செத்துப்போனாய் என்று ஒரு தொலைபேசியில் கேள்விப்பட்டேன், ரயில் நிலையத்தில் தண்ணீர்க் குழாயோடு நின்றுகொண்டிருந்தேன்.

ரூனேயிடம் குடையைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். பிரசுரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் தன் குற்றத்தைச் சொன்னார், அவரால் முடிந்தது. அறுபத்தைந்தாம் ஆண்டோ என்னவோ, ஒரு நடன மண்டபத்தை வாத்தியக்காரர் சங்கம் பகிஷ்கரித்த வாரத்தில் இவர் உள்ளே போய் அடித்திருக்கிறார், ஹார்லன் பிறைஸ் என்ற அமெரிக்க சாக்ஸபோன்காரன் கூப்பிட்டதற்காக. "அவனோடு வாசிக்க நான் நரகத்துக்கும் போயிருப்பேன், குலா. ஆறு மாதம் சங்கத்தில் ஒருவரும் என்னோடு பேசவில்லை. அதுவும் சரிதான்." கருங்காலி. என் வாயில் அந்தச் சொல் வந்தது, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது, நான் கோப்பியைக் குடித்து அதை உள்ளே அனுப்பினேன். இவருக்கு விழுங்கினேன். அவனுக்கு விழுங்கவில்லை. அந்த ஹார்லன் இவரிடம் என்ன சொல்வானாம் தெரியுமா, "ரூனே, நீ ரயில்வே நேர அட்டவணை மாதிரி அடிக்கிறாய். தயவுசெய்து ஒருமுறையாவது பிந்து." பிறகு ரொக் இசை வந்து இவர்களையெல்லாம் அடித்துக்கொண்டு போனது, பின்லாந்துக் கப்பலில் சுற்றுலாப்பயணிகளுக்கு வாசித்தார், நகரசபை இசைப்பள்ளியில் இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார், ஒருவரையும் நொந்ததில்லை. நான் எல்லோரையும் நொந்துகொண்டேன், என்னையும் அவரையும் ஒரே கட்டடத்தில் வைத்தது யார்? வீடமைப்புச் சபை.

பன்னிரண்டு. கடிதத்தை ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம், மூன்றாம் அம்சத்தில் கண்ணியம் என்ற சொல் கொஞ்சம் கடுமை. பையில் கை விட்டேன். இல்லை. மற்றப் பையிலும் இல்லை. மேசையில் விட்டிருப்பேன். இல்லை, மேசையில் இருந்து எடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்தேன், களிசான் பையில், நேற்றுப் போட்டிருந்த கறுப்புக் களிசான், அந்தக் களிசான் இப்போது, கடவுளே, இல்லாத கடவுளே, அந்தக் களிசான் அவருடைய சட்டையோடு உள்ளே சுற்றுகிறது. வட்டக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். கறுப்புக்குள் வெள்ளையாக ஒரு துகள் போனது. இன்னொன்று. பனி பெய்வது போல. கைப்பிடியை இழுத்தேன், திறக்காது, நிகழ்ச்சிநிரல் முடியும்வரை பூட்டுத் திறக்காது, இந்த நாட்டில் மெஷினுக்கும் கொள்கை. ஐம்பது வருடப் பிரசுரகர்த்தா, தன் பிரசுரத்தைத் தானே தோய்த்துவிட்டான். அகராதி பார்த்து எழுதிய நான்கு அம்சங்களும் இப்போது மேளக்காரரின் மேடைச் சட்டையில் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அழ வேண்டும், அல்லது சிரிக்க வேண்டும். கைப்பிடியை விட்டேன். நிம்மதியா? வெட்கமில்லாத மனம். எழுத்து போனால் பேச்சு இருக்கிறதே, வாய் இருக்கிறதே. அதுதான் பயம், வாய் இருப்பதுதான். ஒன்றும் இல்லை, நன்றாக அடித்தீர்கள் என்று சொல்லிவிடலாம். அன்பாக இருக்கும். பிறகு வானொலியில் அவரே கேட்பார், அந்தக் காது பிடிக்காமல் விடுமா, உன்னைக் கேட்டேனே, நீயுமா என்பார். பின்கேற்றால் உள்ளே போவது அதுதான்.

படியில் காலடி. ஒன்று, ஒன்று, பிறகு கொஞ்சம் பிந்தி இன்னொன்று. இடது கால். படியிலும் பிந்துகிறது. எனக்காக மேலே காத்திருக்க முடியாமல் இறங்கி வந்துவிட்டார். "மூன்றாம் இலக்கத்தில் போட்டாயா? குடிகாரனை நம்பி என் சட்டையைக் கொடுத்தாயா?" என்றபடி பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தார், வல்லிபுரம் இருந்த இடத்தில். மெஷின் கடைசியாக ஒருமுறை பெருமூச்சு விட்டு நின்றது. பூட்டுக் கிளிக் என்றது. எடுத்தேன். கறுப்புச் சட்டை முழுவதும் வெள்ளைத் துணுக்குகள், கழுத்துப்பட்டியில், கைமடிப்பில், பித்தான் துவாரங்களில். ரூனே அதை இரண்டு கைகளாலும் வாங்கி மடியில் விரித்து நீண்ட நேரம் பார்த்தார். "என்ன இது?" "என் அறிக்கை." "எத்தனை அம்சம்?" "நான்கு." அவர் சிரிக்கவில்லை. ஒரு துணுக்கை எடுக்க முயன்றார், விரல் நடுங்கியது, எடுபடவில்லை. நான் சட்டையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு எடுக்கத் தொடங்கினேன். இரண்டு கிழவர்கள் குரங்குபோல் குனிந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தோம். "சரி, வாசி" என்றார். "எதை வாசிப்பது, கூழாகிவிட்டது." "எழுதியவன் நீதானே." இந்த மொழியில் எல்லோருக்கும் நீதான், நான் வாழ்நாள் முழுவதும் கேட்ட சமத்துவம் ஒரு சொல்லில் இருக்கிறது, ஆனாலும் என் மனதுக்குள் இவரை நீங்கள் என்றுதான் சொல்ல வருகிறது. "முதலாவது. உங்கள் இடது கால் பிந்துகிறது." அவர் ஒரு துணுக்கை எடுத்துவிட்டார். அதை முழங்காலில் வைத்தார். "எவ்வளவு?" "மயிரிழை. படியில் இறங்கியபோதும்." "இரண்டாவது?" இன்னொரு துணுக்கைக் கிள்ளி எடுத்தேன். "அவர்கள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். பேஸ் பெண் முதலில். பிறகு மற்ற இருவரும்."

உலர்த்தும் அலுமாரி மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. அவர் முகம் சிவந்தது, அவமானத்தால்தான், எனக்குத் தெரியும், நான் ஆட்களுக்கு அதைக் கொடுத்துப் பழகியவன், ஆனால் கொடுக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்தது இதுதான் முதல் தரம். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. "அவளா முதலில்?" என்றார். "அவளுடைய விரல் அப்படித்தான், பொறுமைசாலி." இன்னொரு துணுக்கு. "அறுபத்தொன்பது வருடம், குலா. குடித்து வெறித்த பாடகர்களுக்காக, பாதை மறந்த பியானோக்களுக்காக, மணப்பெண்ணின் கையைத் தேடுகிற மாப்பிள்ளைகளுக்காக, எல்லோருக்காகவும் நான் காத்திருந்தேன். மேளக்காரனின் தொழிலே அது. ஒருவருக்கும் தெரியாமல் காத்திருப்பது. எனக்காக யாரும் காத்ததாகத் தெரியவில்லை. ஹார்லன் கடைசிவரை கெஞ்சினான், பிந்து, பிந்து என்று. இப்போது பிந்துகிறேன், அவன் இல்லை." பிறகு என்னைப் பார்த்தார். "மூன்றாவது?" ஒலிப்பதிவு, ஆவணம், கண்ணியம், சோஃபியா. எல்லாச் சொல்லும் நினைவில் இருந்தன. "மூன்றாவது, நீங்கள் அடிப்பதா விடுவதா என்பதை உங்களைக் கேட்காமல் நானே முடிவுசெய்து எழுதிவிட்டேன்" என்றேன். "அது உங்களுடைய அம்சம். என்னுடையது அல்ல." அவர் தலையாட்டினார். நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வல்லிபுரத்தைச் சொன்னேன். படலையடியில் நின்றதை, இரண்டு ஒழுங்கை தூரத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். துணுக்கு எடுத்துக்கொண்டே சொன்னதால் சொல்ல முடிந்தது. முடிந்ததும், மேசை இல்லாததால், அவர் பெஞ்சுப் பலகையில் இரண்டு விரலால் தட்டினார், இரண்டு சின்னது ஒரு பெரியது, பலகையில் வைத்திருந்த என் கைக்கு வந்து சேர்ந்தது. எந்தத் தட்டு என்று நான் கேட்கவில்லை.

ஒரு மணிக்கு ஹலீமா வந்தாள், எங்கள் மடியையும் தரையையும் பார்த்தாள். "ஐயையோ, இன்னொரு நோட்டீசா?" சட்டையைப் பறித்து உலர்த்தும் அலுமாரியில் காயவிட்டு, ஒட்டுநாடாவைக் கொண்டுவந்து விரலில் சுற்றிச் சட்டையில் ஒற்றி ஒற்றி இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. ரூனே சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியடியில் நின்றார். "எங்கே இருக்கப்போகிறாய்?" "கடைசி வரிசையில்." "நல்லது. முதல் பாட்டு அடிப்பேன். என் கால் உன்னிடம் வந்து சேர்ந்தால் தூக்கு. தூக்காவிட்டால் எழுந்து குச்சியைச் சோஃபியாவிடம் கொடுத்துவிடுவேன், முகம் கோணமாட்டேன்." "எதைத் தூக்குவது?" "உன்னிடம் குடை இல்லையா?" என்றார், சட்டையைச் சரிசெய்துகொண்டு ஏறத் தொடங்கினார், ஒன்று, ஒன்று, பிறகு மற்றது. நான் பின்னால் நின்று ஒவ்வொரு படியிலும் அந்த மற்றதற்காகக் காத்திருந்தேன். மூன்று மணிக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம். வெளியே நல்ல வெயில், மே மாதத்து வெயில், சனம் கையில்லாச் சட்டையோடு திரிகிறது. வீட்டுக்குப் போய் அலுமாரிக்குப் பின்னால் இருந்து குடையை எடுத்து, தூசி தட்டி, மடித்துக் கட்டி, கையில் பிடித்துப் பார்த்தேன். பாரமாக இருந்தது.